மூன்று சொல், அப்புறம் இரண்டு

மாமா புறப்பட்டது ஜூன் மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஆறு நாற்பது ரயிலில். தூர்வாரும் கப்பலில் பம்பு மெக்கானிக் வேலை, மூன்று மாத ஒப்பந்தம். ஒரு பச்சைப் பை, நாலு சட்டை, ஒரு டப்பா தலைவலித் தைலம். அத்தை வழியனுப்பப் போயிருந்தாள். வண்டி நகர்ந்ததும் மாமா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு..." என்றார். மீதியை ரயிலின் ஊதல் விழுங்கிவிட்டது.

"வர்றேன்னு சொன்னார். வாய் அசைஞ்சுது" என்பாள் அத்தை.

"கொட்டாவி விட்டிருப்பான்" என்பார் என் அப்பா. அத்தைக்கு அவர் ஒரே அண்ணன். மாமாவோடு சீட்டாடித் தோற்ற கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவதாகக் கம்பெனியிலிருந்து ஒரு தாள்: மேற்படி ஊழியர் ஒரு துறைமுகத்தில் தன் விருப்பப்படி இறங்கிச் சென்றார், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். எந்த விருப்பம், எங்கே இறங்கினார், யார் பார்த்தது என்று அத்தை கேட்ட எதற்கும் பதில் இல்லை. அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் மூன்று மேசை போட்ட அறை. அங்கே யூதர்களின் பழங்கால எபிரேயப் பக்திப் பாடல்களைத் தமிழில் புதிதாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பவர் ஒரு பெரியவர். எந்த வாக்கியம் நீளமாகப் போனாலும் நடுவில் வெட்டி நிறுத்துவதால் அவருக்கு 'முற்றுப்புள்ளி ஐயா' என்று பெயர். தட்டச்சு செய்ய ஓர் அக்கா. அத்தையின் வேலை காதால் சரிபார்ப்பது.

அந்தப் பாட்டுகளில் எதுகை மோனையைத் தேடினால் வீண். அவற்றின் இசை கருத்தில்தான் இருக்கிறது. ஒரு வரி இரண்டு பாதியாக வரும். முதல் பாதி ஒன்றைச் சொல்லும். இரண்டாம் பாதி அதையே வேறு வார்த்தையில் சொல்லும், அல்லது அதற்கு நேர் எதிரானதைச் சொல்லும், அல்லது அதை ஒரு படி தள்ளிக்கொண்டு போகும். மாமா ஊரில் இருந்தபோது இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

"ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்றதுக்குச் சம்பளம் குடுக்கிற ஆபீஸ், உலகத்துலேயே உன் ஆபீஸ் ஒண்ணுதான்."

"ரெண்டாவது தடவை அதே விஷயம் இல்லைங்க. 'கிணறு வற்றியது.' சரியா? 'வாளி மண்ணைத் தொட்டது.' முதல் பாதியில தண்ணி இல்லைன்னு தெரியுது. ரெண்டாம் பாதியில சத்தம் கேக்குது."

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுது" என்றாராம். அந்தப் பேச்சை அத்தை பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

சரிபார்க்கும் முறை விநோதமாக இருக்கும். ஒருவர் முதல் பாதியை உரக்கப் படிப்பார். எதிரில் இருப்பவர் இரண்டாம் பாதியைப் படிப்பார். அவர் கையில் உள்ள தாளில் இரண்டாம் பாதிகள் மட்டுமே இருக்கும். முதல் பாதியை அவர் எழுத்தில் பார்த்திருக்கக் கூடாது, காதால்தான் கேட்க வேண்டும். பார்த்துவிட்டால் குரல் முன்கூட்டியே தயாராகிவிடும், பதில் பதிலாக இருக்காது, ஒப்பிப்பாக இருக்கும் என்பது ஐயாவின் கட்சி. எதிரில் ஆள் இல்லாத நாளில் முதல் பாதியைப் படித்துவிட்டால், அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பதில் கிடைக்காத வரியை யாரும் அடிப்பதில்லை, திருத்துவதுமில்லை.

சில ஓரங்களில் 'சேலா' என்று ஒரு சொல் நிற்கும். அதற்கு என்ன பொருள் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது. நிறுத்தமாக இருக்கலாம். வாத்தியக்காரருக்குக் குறிப்பாக இருக்கலாம். "தெரியாததைத் தெரியாததாவே விடு. நீ பொருள் சொல்லப் போனா அது கோவிச்சுக்கும்" என்பார் ஐயா. எனவே அந்த இடம் வந்தால் அறையில் மூவரும் சும்மா இருப்பார்கள். தெருவில் ஒரு லாரி போய் முடிக்கும் அளவு நேரம்.

மாமா போன இரண்டாம் ஆண்டில் அந்த அறைக்கு ஒப்பாரிப் பாட்டுகள் வந்தன. அவற்றின் நடை வேறு. முதல் பாதியில் அழுத்திச் சொல்லும் சொல் மூன்று, இரண்டாம் பாதியில் இரண்டே இரண்டு. நொண்டி நடக்கிறவர் போல ஒரு கால் குட்டை. மூன்றாவது அடி வைக்க வேண்டிய இடத்தில் தரை இருக்காது. அதோடு சில பாட்டுகள் அகர வரிசையில் கட்டப்பட்டிருந்தன. அந்த மொழிக்கு எழுத்து இருபத்திரண்டு. முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் முடிந்தால் துக்கத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாயிற்று என்று அர்த்தம்.

அதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று அறையில் ஒரு வாரம் சண்டை. தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளை எண்ணினால் உயிர் பன்னிரண்டு, மெய் வரிசையில் புழக்கத்தில் ஒன்பது. இருபத்தொன்றுதான் தேறியது.

"ஒண்ணு குறையுதே" என்றாள் தட்டச்சு அக்கா.

"ர போட்டுக்கலாம். ரயில்னு ஆரம்பிச்சா என்ன? தினமும் ஏறிப் போறோம்ல?" என்றாள் அத்தை.

"எபிரேயன் ரயில்ல போனானா?" என்று ஐயா கத்தினார். கடைசியில் அத்தை வென்றாள்.

அச்சுக்கு அந்தப் பாட்டுகள் போயின. அத்தைக்கு அந்த வரிசை கையில் தங்கிவிட்டது. பழகிப் பார்க்க என்று சொல்லி வீட்டில் ஒரு கோடு போட்ட நோட்டில் தானும் ஒன்று எழுதத் தொடங்கினாள். அ, ஆ, இ என்று. முதல் பாதிகள் மட்டும். வீட்டில் அன்று கண்ணில் பட்டது எதுவோ அது, மூன்றே சொல்லில். இரண்டாம் பாதியை எழுதக் கை வரவில்லை. எழுதினால் அது ஒப்பாரி. எழுதாதவரை அது வெறும் பட்டியல்.

வியாழக்கிழமைகளில் அலுவலகம் நாலு மணிக்கே மூடிவிடும். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஐந்து மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அலுவலகப் பழக்கத்தில் முதல் வரியை உரக்கப் படித்திருக்கிறாள்.

"அலமாரியில் சட்டை தொங்குகிறது."

படிக்கட்டிலிருந்து ஒரு குரல் போனில் யாரையோ திட்டிக்கொண்டு போனது. "ஆளைக் காணோமே!"

இரண்டு சொல். அத்தை பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்ததாம். ஒரு மாதம் கழித்து இன்னொரு வியாழன் அடுத்த வரியைப் படித்தாள்: "ஆணியில் குடை அசைகிறது." எதிர் ஜன்னலில் துணி உலர்த்துகிற அம்மாள் யாருக்கோ சொன்னாள்: "மழையே இல்லையே." அத்தை எழுந்து போய்க் குடையைப் பார்த்தாள். காற்றும் இல்லை. ஆனால் குடை அசைந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தானே வரியே எழுதினாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் சில சமயம் பல மாதம் விட்டாள்.

மாமா போய் ஒன்பதாவது வருஷம் நான் ஊர் திரும்பினேன். நாலு வருஷம் ஒரு ஊரில் நாற்பது நாள் தங்காமல் சுற்றியிருந்தேன். போன துறைமுகங்களில் எல்லாம் மாலுமிகள் தங்கும் விடுதிகளில் மாமாவின் படத்தை, பின்புறம் என் தொலைபேசி எண்ணை எழுதி, கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பெரும்பாலும் வாங்கியவர்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா வீட்டில் என்னால் இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பையோடு அத்தை வீட்டுக்கு வந்தேன்.

"வாடி ஊர்சுத்தி" என்றாள். "செருப்பைக் கழட்டி வெளியில விடு. உள்ள விட்டா அது தானா நடந்து போயிடும்."

மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கீழே தையல் கடை. மேலே மொட்டை மாடி. சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் நாம் குனிந்து தேடுவோம். மாமாவின் சட்டைகள், மூக்குக் கண்ணாடி, கால் நீட்டிப் படுக்கும் கட்டில், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் நினைவுச் சின்னம் போல வைத்திருக்கவில்லை. சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்தாள். "போட்டுக்கிட்டாலும் போட்டுக்காட்டாலும் சட்டைக்கு வேர்க்கும்" என்றாள். அவள் சொல்வது வேடிக்கையா இல்லையா என்று எப்போதும் தெரியாது.

நான் வந்த வாரமே அப்பாவும் வந்தார், கையில் ஒரு உறையோடு.

"ஏம்மா, வீட்டுச் சொந்தக்காரன் நேத்து எனக்குப் போன் பண்ணான். ஒப்பந்தம் உன் புருஷன் பேர்ல இருக்கு. ஆகஸ்ட் கடைசிக்குள்ள புதுப்பிக்கணும். அவன் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அவன் இல்லைன்னு ஒரு சான்று குடுக்கணும். ஏழு வருஷத்துக்கு மேல ஆளைக் காணோம்னா கோர்ட்ல தர்றாங்க. வக்கீல் எழுதிக் குடுத்துட்டார். நீ கையெழுத்துப் போட்டா போதும்."

"என்னன்னு போடணும்?"

"இறந்திருக்கலாம்னு நீ நம்பறதா."

"நான் நம்பலையே அண்ணா."

"நம்ப வேண்டாம். போடு."

அத்தை உறையை வாங்கி நோட்டுக்கு அடியில் வைத்தாள். "இதுல நாலு வரி பாக்கி இருக்கு. இப்பத்தான் ப-வுக்கு வந்திருக்கேன், அதைச் சேர்த்தா அஞ்சு. முடிஞ்சுதுன்னா, எல்லாத்துக்கும் பதில் வந்துடுச்சுன்னா, எனக்கே தெரிஞ்சுடும் அவர் இருக்காரா இல்லையான்னு. அப்பப் போடறேன்."

"என்ன பதில்? யாரு குடுக்கிறது?"

அவள் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பாவி, பைத்தியம் பிடிக்கிறதையும் அகர வரிசையில பிடிக்க வைக்கறா" என்று இறங்கிப் போகும்போது படியில் சொல்லிக்கொண்டே போனார்.

அந்த வியாழன் நானும் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல வெயில். கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைத் திருப்பி எனக்குக் காட்டாமல் அத்தை படித்தாள்:

"படுக்கையில் பள்ளம் இருக்கிறது."

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். மாமா பக்கத்து மெத்தையில், இடுப்பும் தோளும் வைக்கும் இடம் லேசாக அழுந்தியிருந்தது. அங்கே நான் உட்காரவில்லை. அத்தை அந்தக் கட்டிலில் படுப்பதே இல்லை, கூடத்தில்தான் பாய் போடுவாள். கீழே தையல் இயந்திரம் நின்றது. கடைக்காரர் யாரையோ அதட்டினார். ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது:

"நான்தான் தொட்டேன்."

அத்தை எழுதினாள்.

நான் ஊர் ஊராக எத்தனையோ விடுதிகளில் தனியாகத் தூங்கியவள். அன்று பகல் வெளிச்சத்தில் அந்த அறையைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போக இரண்டு முறை யோசித்தேன். கடைக்கு இறங்கி விசாரித்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வாடிக்கையாளரின் பட்டுத்துணியில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டாள், அதைத்தான் ஒப்புக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. விசாரித்தால் கிடைத்தது. அதனால் ஒன்றும் லேசாகிவிடவில்லை.

மே கடைசியில் ம. "மூக்குக் கண்ணாடியில் தூசியில்லை." பக்கத்து வீட்டில் போன் மணி அடித்தது, எடுத்தவர் சொன்னார்: "இப்பத்தான் கிளம்பினாங்க."

ஜூனில் ய. "யாரோ படியில் ஏறுகிறார்கள்." அப்போது உண்மையிலேயே காலடி கேட்டது. மூன்றாம் மாடிக்கு வந்து, எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது. கீழே தையல் கடைக்குத் தேநீர் வந்திருக்க வேண்டும். "ரெண்டு குடுங்க" என்றது ஒரு குரல். நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். படியில் யாரும் இல்லை.

"எத்தனை பேர்னு பார்த்தியா?" என்றாள் அத்தை.

"யாருமே இல்ல."

"ரெண்டுன்னு சொன்னாங்களே" என்று எழுதிக்கொண்டாள்.

ஜூலையில் ர. "ரயில் மேடையில் நிற்கிறது." வானம் சடாரென்று இருண்டு, எதிர் ஜன்னல் அம்மாள் துணிகளை உருவிக்கொண்டு அலறினாள்: "மழை வந்துடுச்சு!"

அந்த வாரம்தான் முற்றுப்புள்ளி ஐயா வீட்டுக்கு வந்தார். அத்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பழத்தோடு வந்தவர் மேசைமேல் கிடந்த நோட்டைப் பழக்க தோஷத்தில் எடுத்துப் புரட்டினார். எந்தத் தாளைக் கண்டாலும் அதைத் தன் தாள் என்று நினைக்கிற மனிதர். நான் தடுப்பதற்குள் படித்து முடித்துவிட்டார்.

"அம்மா, இதை எப்ப எழுதினீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

அத்தை போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "அது சும்மா, ஐயா."

"சும்மாவா? வட்டக் கட்டு போட்டிருக்கீங்க! சுத்தமா இருக்கு." என் பக்கம் திரும்பினார். விளக்கம் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். "பாரும்மா. பழைய பாட்டுல இப்படி ஒரு கட்டு உண்டு. முதல் வரிக்கு ஜோடி கடைசி வரி. ரெண்டாவதுக்கு ஜோடி கடைசிக்கு முந்தினது. வெங்காயம் மாதிரி உள்ள உள்ள போகும். இங்க பாரு, ரெண்டாவது வரியில 'மழையே இல்லையே'. இருபத்தொண்ணுல 'மழை வந்துடுச்சு'. மூணாவதுல 'ஒண்ணு போதும்'. இருபதுல 'ரெண்டு குடுங்க'. நாலாவதுல 'எப்பவோ போயாச்சு', பத்தொன்பதுல 'இப்பத்தான் கிளம்பினாங்க'. அஞ்சாவதுல 'யாரும் தொடலையே', பதினெட்டுல 'நான்தான் தொட்டேன்'. ஒவ்வொண்ணும் நேர் எதிர். பேச்சு வழக்குல எழுதினது எனக்குப் பிடிக்கல, ஆனா கட்டு கட்டுதான்."

அத்தையின் முகம் சுவர் நிறத்துக்கு வந்தது. ஏழு வருஷமாக அந்த நோட்டைக் கையில் வைத்திருந்தவள், தொழிலே அதுவாக இருந்தவள், அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் காதால் கேட்டாளே தவிர, மொத்தத்தையும் கண்ணால் பார்க்கவில்லை.

"நான் எழுதலை ஐயா" என்றாள்.

"பின்ன யாரு எழுதினது?"

அவள் கண் நோட்டிலேயே இருந்தது. ஐயா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. "கடைசி வரி ஏன் பாதியில நிக்குது? வ-வுக்கு முதல் பாதிகூட எழுதிட்டீங்க. மிச்சம்தான் சுலபமாச்சே! முதல் வரியில 'ஆளைக் காணோமே'ன்னு இருக்கு. அதைத் திருப்பிப் போட்டா போச்சு. பென்சில் குடுங்க, நானே..."

அத்தை காய்ச்சலோடு பாயிலிருந்து எழுந்து நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவள் அவர் எதிரில் குரல் உயர்த்தியதில்லை.

"தொடாதீங்க! நீங்க முதல் பாதியைப் பார்த்துட்டீங்க. பார்த்தவங்க பதில் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னது?"

ஐயா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு பழப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, "ஓய்வெடுங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தை தூங்கவில்லை. எனக்கும் இப்போது கணக்கு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு ஜோடியும் எதிராக முடிந்திருக்கிறது. அப்படியென்றால் கடைசிப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது வந்தால் மாமா வருவார். ஆனால் பழைய பாட்டுகளில் ஜோடி எப்போதும் எதிராகவே வர வேண்டும் என்று விதியில்லை. சில இடங்களில் கடைசி வரி முதல் வரியை அப்படியே திருப்பிச் சொல்லும். அது வந்தால் உறையில் இருக்கிற தாளில் கையெழுத்து.

"படிக்காம இருந்துடேன் அத்தை" என்றேன்.

"இருந்துடலாம். ஆகஸ்ட் கடைசி வரைக்கும்தான் இந்த வீடு. வேற வீட்டுல போய்ப் படிச்சா இந்த வரி பொய். வாசல் இதுதானே?" நோட்டை மூடினாள். "அதுவுமில்லாம, பாதியில விட்டா அவருக்கும் கஷ்டம். ஒன்பது வருஷமா யாராவது உன்னைப் பாதி பேர் சொல்லிக் கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. அப்பாவும் வந்திருந்தார். கையெழுத்து வாங்காமல் போவதில்லை என்ற முடிவோடு பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை தலை வாரி, வேலைக்குப் போகும் புடவையைக் கட்டியிருந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, நோட்டைப் பார்க்காமலே படித்தாள்:

"வாசல் கதவு திறந்திருக்கிறது."

தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. எதிர் ஜன்னலில் அம்மாள் துணியைப் பிழிந்தபடி இருந்தாள், கை அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ எப்போது அணைந்ததோ தெரியவில்லை. தெருவில் வண்டிகள் இல்லை. ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் வண்டிகள் இல்லாமல் இருக்காது. குழாயில் சொட்டுகிற தண்ணீர்கூட நின்றுவிட்டது போலிருந்தது. நாற்பது குடித்தனம் உள்ள கட்டடம் முழுக்க, யாரோ விரலை உதட்டில் வைத்தது போல.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் முதல் பாதியைக் கேட்டவர்தான், எழுத்தில் பார்க்காதவர். அவர் எது சொன்னாலும் அது பதிலாகிவிடும். அவருக்கும் அது அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கோர்ட்டு, சான்று, வக்கீல் எல்லாம் பேசியவர், கண்களை அகல விரித்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினேழு நிமிடம் என்று அப்பா பிறகு சொன்னார். அதன் பிறகு ஒரு லாரி போனது. தையல் இயந்திரம் ஓடியது. எல்லாச் சத்தமும் அதனதன் இடத்துக்கு வந்தது, அவற்றில் ஒன்றுகூடப் பேச்சாக இல்லை.

அத்தை பென்சிலை எடுத்து வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "பதில் வரல. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள், அலுவலகத்தில் சொல்வது போலவே.

"அப்ப கையெழுத்து?" என்றார் அப்பா. குரலில் வலுவில்லை.

"வந்திருந்தா போட்டிருப்பேன் அண்ணா. இப்ப எதுன்னு போடறது?"

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாகும்வரை அத்தையிடம் மாமாவைப் பற்றிப் பேசும்போது 'இருந்தான்' என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டார்.

வீடு போய்விட்டது. செப்டம்பர் முதல் தேதி சாமான்களை ஒரு சிறிய வண்டியில் ஏற்றி, அலுவலகத்துக்குப் பின்னால் ஐயா பார்த்துக் கொடுத்த ஒற்றை அறைக்குக் கொண்டுபோனோம். புது முகவரியை ஓர் அட்டையில் எழுதித் தையல்காரரிடம் கொடுத்தாள் அத்தை. "யாராவது கேட்டு வந்தா இதைக் காட்டுங்க. படியிலேயே திருப்பி அனுப்பிடாதீங்க." அவர் அதைக் கத்தரிக்கோல் தொங்கும் ஆணியில் குத்தி வைத்தார். மாதம் ஒருமுறை அத்தை போய்க் கேட்பாள். "யாரும் வரலையேம்மா" என்பார் அவர். அவள் தலையாட்டிவிட்டு, ஒரு பொத்தானாவது வாங்கிக்கொண்டு வருவாள். நோட்டை அவள் மறுபடி உரக்கப் படிக்கவில்லை. வேலையில் முன்போலவே இருந்தாள், முன்பைவிடக் கடுமையாக. ஒரு வரியின் இரண்டாம் பாதி முதல் பாதியைச் சும்மா எதிரொலித்தால், "இது வரலை, இது இங்கேயே இருந்தது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாளாம்.

இரண்டரை வருஷம் கழித்து, பிப்ரவரியில் ஒரு காலை, என் போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரோ தன் மொழியில் எழுதி, இயந்திரத்தைக் கொண்டு தமிழாக்கி அனுப்பியிருந்தார்:

"வணக்கம். நான் மாலுமிகள் விடுதியில் சமையல் செய்கிறேன். இந்தப் படத்தையும் பின்னால் உங்கள் எண்ணையும் இன்றுதான் அலமாரிக்குப் பின்னால் கண்டேன். மன்னிக்கவும். இந்த மனிதர் எங்களிடம் எட்டு ஆண்டு இருந்தார். அவர் காகிதங்கள் இல்லை. அவர் எங்கள் மொழி பேசவில்லை. அவர் நல்லவர், குழாய்களைச் சரிசெய்தார். சில வியாழக்கிழமைகளில் காலை உணவின்போது, உங்கள் நாட்டில் அப்போது மாலை, யாரும் கேட்காமல், இரண்டு சொல் சொல்வார். பிறகு சாப்பிடுவார். நாங்கள் அது பிரார்த்தனை என்று நினைத்தோம். ஆகஸ்ட் எட்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு முன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைப் பிடித்து நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த எல்லோரும் அமைதியாகிவிட்டோம், ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு அவர் தட்டைக் கழுவினார், காலணி அணிந்தார், பையை எடுக்காமல் வெளியே சென்றார். நாங்கள் அவர் கட்டிலை வைத்திருக்கிறோம். இப்போது ஆட்கள் அதிகம், இடம் இல்லை. அந்தக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று தயவுசெய்து சொல்லுங்கள்."